ஊர்ச்சனத்தைக் கொல்ல விடுற கேம்கள்: ஒரு சின்ன வரலாறு

ஸ்கைரிம் விளையாடின ஆக்களுக்கு இது தெரியும். ஊருக்குள்ள போய்க் கடைக்காரரை வெட்டலாம், காவலாளியை வெட்டலாம். ஆனா ஒரு சின்னப்பிள்ளையை எத்தனை தரம் வெட்டினாலும் உயிர் போகாது. இது நல்ல மனசா, இல்லாட்டிப் பயமா? பதில் தேட 1983க்குப் போகவேணும்.

அந்த வருடம் அல்டிமா 3 வெளிவந்தது. அதில் ஊர்ச்சனத்தைக் கொல்லலாம், பெட்டிகளைக் களவெடுக்கலாம். காவலரிடம் தப்பினால் போதும், கடைசியில் நீங்கள்தான் வீரர். அதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட்டுக்குப் பெற்றோரிடமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர் நினைத்திருந்தால் அந்தச் சுதந்திரத்தையே வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. 1985இல் வந்த அல்டிமா 4 உங்களை எதையும் செய்ய விட்டது, ஆனால் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறது எண்டு நீங்கள்தான் முடிவெடுக்கிறீங்கள். குறைத்து வைத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். உங்கள் நேர்மைதான் குறையும். எட்டு அறங்களிலும் தேறாமல் கேமை முடிக்க ஏலாது.

1997இல் ஃபோல்அவுட் அதே வழியில் போனது. பிள்ளையைக் கொன்றால் ‘பிள்ளைக்கொலையாளி’ என்ற பெயர் உங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் விற்பதற்காக அந்தப் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் வந்த ஃபோல்அவுட் 2இல் நடந்தது பகிடி. அங்கே பிள்ளைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் ஆக்கினார்கள். அதனால் டென் என்ற ஊரில் ஆளில்லாத இடத்தில் உங்கட பொக்கற்றில இருந்து சாமான் களவு போச்சு!

2002இல் மொரோவிண்ட் கதைக்கு முக்கியமான ஆளையும் கொல்ல விட்டது. விதி அறுந்துபோச்சு, பழைய சேவுக்குத் திரும்பு, இல்லாட்டி நீ கெடுத்த உலகத்திலேயே இரு எண்டு சொல்லிச்சு. 2006இல் அதே நிறுவனத்தின் ஒப்ளிவியனில் முக்கியமான ஆட்கள் மயங்கி விழுந்து எழும்பினார்கள். பின்விளைவு இருந்த இடத்திலே ஒரு சுவர் வந்தது.

அந்தச் சுவரின் பொய் 2008இல் ஃபோல்அவுட் 3இல் வெளியே வந்தது. மெகாட்டன் என்ற ஊரில் ஒரு பிள்ளையைச் சுட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு, தூரத்துக் கோபுரத்தின் மாடத்தில் நின்று ஒரு பொத்தானை அமத்தினால் அணுகுண்டு வெடித்து அந்த ஊரே போய்விடும், அந்தப் பிள்ளைகளோடுதான். ஜப்பானியப் பதிப்பில் மட்டும் அந்த வெடிப்பை நீக்கினார்கள்.

கிட்ட நின்று செய்தால் பாவம், தூர நின்று செய்தால் வெறும் வெளிச்சம். இதைத்தான் சுவர் சொல்லித் தருகிறது. கேரியட்டின் கண் தெரியாத கடைக்காரி வேறொன்றைச் சொல்லித் தந்தார்: ஒருத்தரும் பார்க்காட்டியும் கணக்கு இருக்கு. எனக்கு அந்தப் பழைய கேமில்தான் கூடுதல் நம்பிக்கை. உங்களுக்கு?