சுரமும் கட்டளையும்: மென்பொருள் தாளப்பொறியின் படிவரிசையை மிடிச் செய்திகள் இயக்கிய வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தாளப்பொறியின் படிவரிசையை வெளியிலிருந்து இயக்கும் முறை மின்துடிப்பு, கடிகாரச் செய்தி, சுரச்செய்தி என வடிவம் மாறி வந்துள்ளது. 1983இல் ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்வதற்கென வரையறுக்கப்பட்ட மிடி சுரச்செய்தி, மென்பொருள் காலத்தில் ஒரு தாளவடிவத்தையே தொடங்கவும் நிறுத்தவும் மாற்றவும் வல்ல கட்டளையாகப் பொருள் விரிந்தமையை இக்கட்டுரை ஆராய்கிறது. காலத்தை ஆள்வது பொறியா, வாசிப்பவரா என்னும் வினா இம்மாற்றத்தின் அடியில் உள்ளது.

திறவுச்சொற்கள்: தாளப்பொறி, படிவரிசை, மிடி, சுரச்செய்தி, கடிகாரச் செய்தி, நடை.

முன்னுரை

ஸ்டெப் சீக்வென்சர் எனப்படும் படிவரிசை, ஒரு தாளச் சுற்றைச் சம அளவுள்ள படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் எந்தக் கருவி ஒலிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கும் அமைப்பாகும். பெரும்பாலான பொறிகளில் படிகள் பதினாறு. படிகளைக் குறிப்பது ஒரு வேலை. குறித்த படிகளின் மேல் காலத்தை நகர்த்துவது வேறொரு வேலை. தாளப்பொறிகள் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஒலியின் தன்மையையே பேசுகின்றன. காலத்தை நகர்த்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பது அதற்குச் சற்றும் குறையாத வரலாற்று வினாவாகும்.

துடிப்பின் காலம்

1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் வெளியிட்ட சைடுமேன் கருவியில் மோட்டாரால் சுழலும் தட்டு ஒன்று மின்தொடுமுனைகளைத் தீண்டிச் சென்று தாளத்தை எழுப்பியது. வாசிப்பவர் வேகத்தை மாற்றலாம், ஆயத்தமாக உள்ள தாளங்களுள் ஒன்றைத் தேரலாம். 1960களின் மூக், புக்லா ஆகிய ஒலித்தொகுப்பிகளின் வரிசைப்பொறிகளோ வேறு வழியில் சென்றன. அவற்றில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மின்துடிப்பும் பொறியை ஒரு படி முன்னே தள்ளியது. துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் அங்கு இல்லை. பிற்காலத்தில் சுரச்செய்தி மீட்டுக்கொடுத்த சுதந்திரம் புதியதன்று என்பதற்கு இது சான்று.

இகுதாரோ காகேஹாஷி 1972இல் நிறுவிய ரோலண்டு நிறுவனத்தின் சிஆர்-78 (1978), நுண்செயலியைக் கொண்டு பயனர் தாமே தாளம் அமைக்க இடமளித்தது. 1980இல் வந்த டிஆர்-808இல் பதினாறு பொத்தான்கள் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை என நான்கு நான்காக வரிசையில் நின்றன. படிவரிசை என்றவுடன் இன்றும் கண்முன் தோன்றும் உருவம் இதுவே. இப்பொறியைப் பிற கருவிகளுடன் ஒத்தியங்கச் செய்யும் இணைப்பு, ஒரு கால் சுரத்திற்கு, அதாவது ஓர் அடிக்கு, 24 துடிப்புகள் வீதம் அனுப்பியது.

மிடியும் இருபத்துநான்கும்

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்னும் தேவையிலிருந்து மிடி பிறந்தது. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் சுமித் 1981இல் இதற்கான முன்மொழிவை வைத்தார். 1983 சனவரியில் நடந்த நாம் கண்காட்சியில் அந்நிறுவனத்தின் புராஃபெட்-600 ரோலண்டின் ஜுபிட்டர்-6உடன் இணைத்துக் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் மிடி 1.0 வரையறை வெளியானது. டிஆர்-909 பொறியும் மிடி இணைப்புடன் அவ்வாண்டிலேயே வந்தது.

மிடி வரையறையில் தாளப்பொறியைத் தொடும் செய்திகள் இருவகை. ஒன்று, அடிக்கு 24 முறை வரும் கடிகாரச் செய்தியும் அதனோடு சேர்ந்த தொடக்கம், நிறுத்தம், தொடர்ச்சி ஆகிய செய்திகளும். மற்றொன்று சுரச்செய்தி. பாடலின் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதைச் சுட்டும் இடக்குறிச் செய்தியின் அலகு ஆறு கடிகாரத் துடிப்புகள். அதாவது அடியின் நான்கில் ஒரு பங்கு. அது தாளப்பொறியின் ஒரு படியேயன்றி வேறன்று. பதினாறு பொத்தான் வரிசையின் உலகநோக்கு இவ்வாறு பொது நெறிமுறைக்குள்ளேயே குடிபுகுந்தது எனலாம்.

இதன் விளைவைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். 24 என்னும் எண் நான்காலும் மூன்றாலும் மீதியின்றி வகுபடும். ஐந்து, ஏழு, ஒன்பது ஆகியவற்றால் வகுபடாது. கருநாடக இசையின் ஐந்து நடைகளுள் சதுஸ்ரமும் திஸ்ரமும் மட்டுமே இக்கடிகாரத்தில் முழுத் துடிப்புகளாக அமர்கின்றன. கண்ட நடையில் ஒரு பகுதிக்கு 4.8 துடிப்பு வேண்டும். வேகத்தை ஒன்றேகால் மடங்காக உயர்த்தி, படிக்கு ஆறு துடிப்பு என்பதை மாற்றாமல் காத்துக்கொள்வது இயலும். ஆனால் அதே கடிகாரத்தைப் பின்பற்றும் பிற கருவிகளும் அவ்வேகத்திற்கு இழுபடும். நெறிமுறையை வகுத்தோர் எந்த இசையையும் விலக்க எண்ணியதாகக் கருத இடமில்லை. தம் கைக்குப் பழகிய எண்ணை அவர்கள் தேர்ந்தனர். அத்தேர்வு உலகத் தரமாயிற்று.

சுரச்செய்தியின் முதற்பொருள்

சுரத்தைத் தொடங்கும் மிடிச் செய்தி மூன்று பைட்டுகளால் ஆனது: செய்தியின் வகையும் 16 தடங்களுள் ஒன்றும், 0 முதல் 127 வரையிலான சுர எண், அழுத்த விசை. தாளக்கருவிகளுக்குச் சுர உயரம் பொருட்டன்று என்பதால், சுர எண் எந்தக் கருவி என்பதைக் குறிக்கலாயிற்று. 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி பத்தாம் தடத்தைத் தாளத்திற்கு ஒதுக்கி, 36ஐப் பேஸ் டிரம்மிற்கும் 38ஐ ஸ்நேருக்கும் 42ஐ மூடிய ஹை-ஹாட்டிற்கும் உரியதாக்கியது. எண் என்பது உயரத்தின் பெயராக இருந்து பொருளின் பெயராக மாறிய முதற்படி இதுவாகும்.

இம்முறையில் வெளியிலுள்ள ஒரு கருவி தாளப்பொறியை இயக்கும்போது உட்படிவரிசைக்கு வேலையில்லை. ஒவ்வோர் அடியும் வெளியிலிருந்தே வர வேண்டும். மிடிக் கம்பியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள். ஒரு பைட்டுக்குப் பத்து பிட்டுகள் செலவாகின்றன. ஆதலால் ஒரு சுரச்செய்தி ஏறத்தாழ ஒரு மில்லிநொடி எடுக்கிறது. ஒரே படியில் எட்டுக் கருவிகள் ஒலிக்க வேண்டுமாயின் எட்டாவது கருவியின் செய்தி வந்து முடிய ஏழரை மில்லிநொடிக்கு மேல் ஆகும். வகைப் பைட்டைத் திரும்ப அனுப்பாத சிக்கன முறையைக் கையாண்டாலும் ஐந்தரை மில்லிநொடி அளவில் நிற்கும்.

மென்பொருளுக்குள் பொருள்மாற்றம்

1997இல் ஸ்டாக்ஹோமின் புரொபெல்லர்ஹெட் நிறுவனம் வெளியிட்ட ரீபர்த், டிஆர்-808ஐயும் இரண்டு டிபி-303 பொறிகளையும் கணினித் திரையில் வரைந்து இயங்கவைத்தது. 1997இன் இறுதியில் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்திற்காகத் திதியே தாம்பிரான் உருவாக்கிய ஃபுரூட்டிலூப்ஸ் தன் முதல் வடிவில் நான்கு தடங்களைக் கொண்ட ஒரு மிடி தாளப்பொறியே. இரண்டிலும் படிவரிசையே முகப்பு.

உண்மையான திருப்பம் 1999இல் நேர்ந்தது. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி 2.0 வரையறை, செருகுமென்பொருள்கள் மிடிச் செய்திகளைப் பெற வழிவகுத்தது. தாளப்பொறி இப்போது இசைப்பதிவு மென்பொருளின் உள்ளே ஒரு கருவியாக அமர்ந்தது. வேகத்தை அம்மென்பொருளே அறிவித்தமையால் கடிகாரச் செய்தியின் தேவை பெரிதும் குறைந்தது. எஞ்சியது, எந்த நேரத்தில் எந்தத் தாளவடிவம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் வழி. வன்பொருள் பொறிகளில் இதற்கு நிரல்மாற்றச் செய்தி பயன்பட்டு வந்தது. மென்பொருள் தாளப்பொறிகள் பல சுரச்செய்தியை நாடின: விசைப்பலகையின் ஒரு பகுதி கருவிகளை ஒலிக்கச் செய்ய, மற்றொரு பகுதியின் ஒவ்வொரு விசையும் ஒரு தாளவடிவத்தைத் தொடங்கலாயிற்று.

இத்தேர்வுக்கு அடிப்படைக் காரணம் சுரத்தின் இயல்பிலேயே உள்ளது. நிரல்மாற்றச் செய்திக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. சுரத்திற்கோ அழுத்துதல், விடுதல் என இரு முனைகளும் உண்டு. ஆதலால் விசையை அழுத்தியிருக்கும் வரை தாளம் ஓடி, விட்டவுடன் நிற்குமாறு அமைக்க முடிந்தது. மேலும், பியானோ ரோல் எனப்படும் பதிவுப் பலகையில் சுரம் ஒரு நீளமுள்ள கட்டமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதை இழுக்கலாம், வெட்டலாம், படியெடுக்கலாம். பாடல் முழுவதற்குமான தாள அமைப்பைச் சில நீண்ட கட்டங்களாக எழுதிவிட முடிகிறது.

வாசிப்பவரின் கை சற்றுப் பிந்தினால் என்ன செய்வது என்னும் சிக்கல் உடனே எழுகிறது. விசை அழுத்தப்பட்ட கணத்திலேயே வடிவத்தை முதற்படியிலிருந்து தொடங்குவது ஒரு தீர்வு. இதில் காலம் வாசிப்பவருடையது, பிழையும் அவருடையதே. அடுத்த சுற்றின் தொடக்கம் வரை கட்டளையைக் காக்கவைப்பது மற்றொன்று. 2001இல் வெளியான ஏபிள்டன் லைவ் மென்பொருளின் துணுக்குகள் இரண்டாம் வழியைப் பரவலாக்கின. அது மேடையில் பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் விரலின் நேரத்தைப் பொறி திருத்திவிடும் அவ்வசதியில் வாசித்தல் தேர்ந்தெடுத்தலாகச் சுருங்குகிறது. ஒவ்வொரு சுரமும் பொறியை ஒரு படி மட்டும் நகர்த்துமாறு அமைத்தால் நிலைமை தலைகீழாகும்: பழைய மின்துடிப்பு முறை மீண்டுவரும், அடிக்கு ஐந்து சுரம் அனுப்பிக் கண்ட நடையையும் பெறலாம்.

பொருள்மயக்கம்

ஒரே எண் ஒரு மென்பொருளில் பேஸ் டிரம்மையும் மற்றொன்றில் முதல் தாளவடிவத்தையும் குறிக்கக்கூடும் என்பதால் மயக்கம் நேர்ந்தது. எண்களின் பெயர்களிலும் ஒற்றுமை இல்லை. 60ஆம் எண்ணை யமஹா மரபு சி3 என்றும் ரோலண்டு மரபு சி4 என்றும் அழைக்கின்றன. ஆகவே கையேடொன்று சி1 விசை முதல் வடிவத்தைத் தொடங்கும் என்று கூறினால், அது 36ஆ 24ஆ என்பது கையேட்டை எழுதியவரின் மரபைப் பொறுத்தது.

2009இல் நோவேஷன் நிறுவனம் வெளியிட்ட லாஞ்ச்பேடு இம்மயக்கத்தை வேறொரு தளத்திற்கு எடுத்துச் சென்றது. எட்டுக்கு எட்டாக அடுக்கிய அதன் 64 பொத்தான்களின் சுர எண், வரிசையைப் பதினாறால் பெருக்கி நிரையைக் கூட்டிப் பெறப்படுவது. அது கட்டத்தின் இருப்பிடமேயன்றி உயரமன்று. படிவரிசையின் படிகளை ஏற்றவும் அணைக்கவும் அப்பொத்தான்கள் பயன்படலாயின. கணினி மறுமொழியாக அதே எண்ணுள்ள சுரச்செய்தியை அனுப்பினால் அந்தப் பொத்தானில் விளக்கு எரியும். அழுத்த விசைக்குரிய மூன்றாம் பைட்டு விளக்கின் நிறத்தைத் தீர்மானிக்கும். இச்செய்தி எந்த ஒலியையும் எழுப்புவதில்லை.