அடுப்படிக்கும் வேலைக்கும் நடுவே: சிங்கப்பூரில் மனையியல் பாடம் வந்த வழி



உயர்நிலை இரண்டின் முடிவில் பாடத் தெரிவு வரும்போது ஒரு கேள்வி கட்டாயம் நம் காதில் விழும்: "சமையல் பாடமா எடுக்கப் போற? அதை வீட்டுலேயே கத்துக்கலாமே!" இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. ஐம்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு அதன் பின்னால் இருக்கு. அதைத் தெரிந்துகொண்டால் மாணவருக்குச் சரியான பதில் சொல்ல முடியும்.

1968-இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் அறிவிப்பு வந்தது. படைத்தளங்களை நம்பியிருந்தவர்களுக்கு வேறு வேலை வேண்டும், புதிய தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும். அதனால் 1969 முதல் உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களில் ஆண் பிள்ளைகள் அனைவரும் தொழில்நுட்பப் பாடம் படித்தார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேரும் அதைப் படித்தார்கள், மற்றவர்களுக்கு மனையியல். கவனிச்சீங்களா? பட்டறைப் பாடம் வேலைக்கு, அடுப்படிப் பாடம் வீட்டுக்கு என்ற பிரிவு அப்போதே விழுந்துவிட்டது.

1980-களின் நடுவில் அந்தப் பிரிவு இன்னும் இறுகியது. கீழ்நிலை வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் மனையியல் கட்டாயமானது. பட்டதாரித் தாய்மார் திட்டம் பற்றி நாடே வாதாடிய காலம் அது. 1985-இல் 'அவேர்' மாதர் அமைப்பு தொடங்கியது. "பெண்களுக்கு மட்டும் ஏன், ஆண் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டாமா?" என்ற வகையில் கேள்வி எழுப்பியவர்களில் அவர்களும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில்தான் ஆண், பெண் இருபாலாரும் இந்தப் பாடத்தைப் படிக்கும் நிலை வந்தது. 2014-இல் பெயரும் மாறி, உணவு, பயனீட்டாளர் கல்வி ஆனது. 'மனை' என்ற சொல்லே பெயரிலிருந்து போய்விட்டது!

ஆனால் பள்ளிக்கு வெளியே இதே திறன்கள் வெகுகாலமாகவே சோறு போட்டன. 1960-இல் மக்கள் கழகம் தொடங்கியது. சமூக மன்றங்களில் தையலும் சமையலும் கற்ற பெண்கள் பலர். 1979-இல் பெரியோர் கல்விக் கழகமும் தொழிற்பயிற்சிக் கழகமும் ஒன்றாகி ஒரே பயிற்சிக் கழகமாயின. அதுதான் 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகமாக (ஐடிஇ) மாறியது. தேக்கா நிலையத்தின் மேல்மாடிக்குப் போய்ப் பாருங்க. ரவிக்கை தைப்பவர்கள் அளவெடுப்பதும், லைனிங் வைப்பதும், ஓரம் அடிப்பதும் எல்லாம் பழைய தையல் வகுப்பில் இருந்தவைதான். அங்கே அதற்குக் கூலி உண்டு, அவ்வளவுதான் வேறுபாடு.

இதைத் தமிழ்நாடு வேறு விதமாக அணுகியது. கோயம்புத்தூரில் 1957-இல் தி. சு. அவினாசிலிங்கம் பெண்களுக்கென ஒரு மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அதை வளர்த்தவர் ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ். 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மனையியல், அறிவியலாகவே கற்பிக்கப்பட்டது. மருத்துவமனை உணவியல் நிபுணர், ஆசிரியர், ஆய்வாளர் என்று வேலைக்கான வாசல் திறந்தது. பாடம் ஒன்றுதான், அதற்குக் கொடுத்த மதிப்புதான் வேறு.

இன்று நம் மாணவருக்கும் வழிகள் இருக்கு. ஐடிஇ-இல் சமையற்கலை, பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல், ஊட்டச்சத்து என்று மேலே போகலாம். சொந்தத் தொழில் என்றால் வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஆனால் விதிகள் உண்டு: வீவக வீட்டில் வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது, விளம்பரப் பலகை மாட்டக்கூடாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் கணக்கில் பணம் போட வேண்டும்.

ஆபத்தும் சொல்லத்தான் வேணும். 2020 ஏப்ரலில் கிருமித்தொற்றுக் கட்டுப்பாடுகள் இறுகியபோது வீட்டில் உணவு செய்து விற்றவர்களும் நிறுத்த வேண்டியதாயிற்று. ரமலான் மாதம், விற்பனை கூடும் நேரம். மே 12 முதல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. மாத வருமானம் அதையே நம்பியிருந்த வீடுகளுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்க. கைத்திறனோடு கணக்கும் சேமிப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழாசிரியர் இதில் என்ன செய்யலாம்? மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன்.

1. தீபாவளிக்கு முறுக்கு செய்து விற்க ஒரு விலைப்பட்டியல் எழுதச் சொல்லுங்கள். மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா, அனுப்பும் செலவு எல்லாம் போட்ட பிறகு, செய்தவரின் நேரத்துக்கும் ஒரு விலை போடச் சொல்லுங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

2. லிட்டில் இந்தியாவில் ஒரு தையற்காரரையோ பூக்கட்டுபவரையோ அனுமதி கேட்டுப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் பேசும் தொழிற்சொற்களைப் பட்டியலிடலாம்.

3. "வீட்டு வேலை, வேலையா?" என்ற தலைப்பில் கலந்துரையாடல் வையுங்கள். ஆண் பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள்.

அடுத்த முறை "அதை வீட்டுலேயே கத்துக்கலாமே" என்று யாராவது சொன்னால், இப்படிக் கேளுங்கள்: வீட்டில் கற்றுக்கொள்ளலாம், சரி, ஆனால் அதற்கு என்ன விலை, என்ன விதி, எவ்வளவு சேமிப்பு என்று வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள்?