கம்பிக்கு அதட்டல் புரியாது

1858-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நியூயார்க் நகரம் குதூகலத்தில் தலைகால் தெரியாமல் ஆடியது. வாணவேடிக்கையின் பொறி விழுந்து நகர மண்டபத்தின் கோபுரமே தீப்பற்றிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! இத்தனைக்கும் காரணம் ஒரு கம்பி. அயர்லாந்தில் புறப்பட்ட அந்தத் தந்திக் கம்பி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் ஏறக்குறைய 2000 மைல் கடந்து நியூபவுண்ட்லாந்தில் கரையேறியிருந்தது.

விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்து அனுப்பினார். மொத்தம் 98 சொற்கள். போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது! மின்னல் வேகம் என்று சொல்லி வந்தவர்களுக்குக் கிடைத்தது மாட்டு வண்டி.

இதற்கு விடை 1827-லேயே அச்சாகியிருந்தது. ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியர் கம்பிகளை அளந்து பார்த்துச் சொன்னார்: கம்பி நீண்டால் மின்தடை கூடும், பருத்தால் குறையும், உலோகத்துக்கு உலோகம் மாறும். திருவிழாக் கூட்டம் குறுகிய சந்தில் படும் பாடுதான் மெல்லிய கம்பியில் மின்சாரம் படும் பாடு. கடற்கம்பிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் உறை மின்சாரத்தைத் தேக்கி வைக்கும். தடை மிகுந்த கம்பி வழியே அந்தத் தேக்கம் நிரம்பி வடிவதற்குள் அடுத்த எழுத்து காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் இதை முன்பே கணக்கிட்டு, பருத்த செம்புக் கம்பி வேண்டும் என்றார். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் செம்பிலும் சுத்தத்துக்கு ஏற்பத் தடை மாறுவதை 1857-ல் சோதித்தும் காட்டினார். கம்பெனியின் மின்சார நிபுணர் ஒயிட்ஹவுஸ், தொழிலால் ஒரு சத்திர சிகிச்சை வைத்தியர், அதை ஏற்கவில்லை. கடல் மைலுக்கு 107 ராத்தல் செம்பே போதும் என்று முடிவாயிற்று.

செய்தி மங்கலாக வந்ததும் ஒயிட்ஹவுஸ் பலப்பிரயோகத்தில் இறங்கினார். ஏறக்குறைய 2000 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த உறை அதைத் தாங்கவில்லை. செப்டம்பரில் கம்பி ஊமையாயிற்று. "தந்தியே வரவில்லை, எல்லாம் பித்தலாட்டம்!" என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

1866-ல் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் புதுக் கம்பியை இறக்கியது. இம்முறை கடல் மைலுக்கு 300 ராத்தல் செம்பு, அதுவும் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. நிமிஷத்துக்குச் சுமார் 8 சொற்கள் அதில் பாய்ந்தன.

செம்பில் மிச்சம் பிடித்ததை அதட்டலால் ஈடுகட்டப் பார்த்தார் ஒயிட்ஹவுஸ். கம்பியோ தன் நீளத்துக்கும் பருமனுக்கும் சுத்தத்துக்கும் மட்டுமே கட்டுப்பட்டது.