குல்னிங்: கூப்பிட்டால் வரும் மாடுகளின் கதை

நாயைக் கூப்பிட்டால் ஓடி வரும். மாடு வருமா?

ஸ்வீடன், நார்வே நாடுகளின் காட்டுப் பகுதிகளில் பல நூற்றாண்டுகளாக வந்தது! மரங்களுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள், ஒரு பெண்ணின் குரலைக் கேட்டதும் திரும்பி நடக்கத் தொடங்கும். அந்தக் குரலுக்கு ஸ்வீடனில் 'குல்னிங்' என்று பெயர். நார்வேயில் 'கூலொக்' என்பார்கள். 'கூ' என்றால் அவர்கள் மொழியில் பசு, 'லொக்' என்றால் அழைப்பு.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள அந்த நாட்டு விவசாயத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கோடைக்காலம் மிகக் குறுகியது. ஊரைச் சுற்றியிருக்கும் கொஞ்ச நிலத்தில் தானியமும், நீண்ட குளிர்காலத்துக்கு வேண்டிய வைக்கோலும் விளைய வேண்டும். மாட்டை அங்கே மேயவிட்டால் குளிர்காலத்தில் அதற்கே தீனி இருக்காது. அதனால் கோடை வந்ததும் மாடுகளைத் தொலைவில் உள்ள காட்டுக்கும் மலைக்கும் ஓட்டிப் போனார்கள். அங்கே ஒரு குடிசை, ஒரு தொழுவம், பால் வைக்க ஓர் அறை. இந்தக் கோடைத் தொழுவங்களுக்கு ஸ்வீடனில் 'ஃபேபூட்', நார்வேயில் 'சேட்டர்' என்று பெயர்.

அங்கே தங்கி வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் இளம்பெண்கள். காலையில் பால் கறந்து மாடுகளை விட வேண்டும், பகலில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்ய வேண்டும், மாலையில் மாடுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காட்டில் வேலி கிடையாது. ஆனால் கரடியும் ஓநாயும் உண்டு. ஒரு மாடு திரும்பி வராவிட்டால் அது ஒரு நாள் பால் நஷ்டம் மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

பக்கத்தில் இருக்கும் மாட்டைக் கம்பு வைத்து ஓட்டி வரலாம். எங்கே இருக்கிறது என்றே தெரியாத மாட்டை எந்தக் கம்பால் ஓட்டுவது? அது தானாக வர விரும்ப வேண்டும். அந்தப் பெண்கள் செய்தது இதைத்தான்.

முதலாவது, உப்பு. புல்லில் மாட்டுக்குப் போதுமான உப்பு கிடைப்பதில்லை. அதனால் உப்பென்றால் மாட்டுக்கு உயிர். அழைப்பைக் கேட்டு வந்த மாட்டுக்கு ஒரு கை உப்பு, சில சமயம் மாவு கலந்து கிடைக்கும். இரண்டாவது, பால். மாலையில் மடி கனத்துப்போன மாட்டுக்குக் கறப்பதே ஒரு நிம்மதி. மூன்றாவது, தலைமாடு. கழுத்தில் மணி கட்டிய அனுபவமுள்ள மாடு முன்னே நடந்தால் மற்றவை பின்னால் வரும். இளங்கன்றுகளும் அப்படியே பழகிக்கொள்ளும். குரல், அதன்பின் உப்பு. நாளுக்கு நாள் இதே வரிசை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளின் தத்துவமும் இதுதான். அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பெண்கள் அதைக் காட்டில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சரி, குரல் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? குல்னிங் சாதாரணக் கூச்சல் அல்ல. மிக உச்சமான சுருதியில், நடுக்கமில்லாமல், கூர்மையாக எழும் குரல். நடுநடுவே மாடுகளின் பெயர்களும் வரும். 1980களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னா யோன்சன் இதை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் 2010களில் ராபர்ட் எக்லுண்ட் முதலானோர் ஒரே பாடகியை இரண்டு விதமாகப் பாட வைத்து அளந்தார்கள். சாதாரண உச்சக்குரலைவிட குல்னிங் குரல் தூரம் போகப் போகக் குறைவாகவே தேய்கிறது என்று தெரியவந்தது. இந்தக் குரல் மனிதர்களுக்கும் பயன்பட்டது. காணாமல்போன மாடு கிடைத்துவிட்டது என்று அடுத்த தொழுவத்துப் பெண்ணுக்குச் சொல்லத் தனி அழைப்பே இருந்தது!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறியது. தீவனப் பயிர்கள் வந்தன. பால் பண்ணைகள் வந்தன. பெண்களுக்கு நகரத்தில் கூலி வேலை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் கோடைத் தொழுவங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மாடுகள் ஊரருகே வேலிக்குள் வந்ததும் குரலுக்கு வேலை இல்லாமல் போனது.

குல்னிங் மேடையில் பிழைத்துக்கொண்டது. 2013ல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தின் பின்னணி இசையில்கூட அது ஒலிக்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, இரு நாடுகளின் கோடைத் தொழுவ மரபைத் தன் கலாசாரப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் மாடுகளின் பக்கம் நடந்தது வேறு. நார்வேயில் உருவான ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை ஒன்று இப்போது மேய்ச்சல் மாடுகளுக்கும் கட்டப்படுகிறது. மாடு எல்லையை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும். ஒலியைக் கேட்டும் திரும்பாவிட்டால் லேசான மின் அதிர்ச்சி! இதிலும் மாடு ஒலியைக் கேட்டுத்தான் பழகுகிறது. அன்று அந்த ஒலிக்குப் பின்னால் ஒரு கை உப்பு இருந்தது. மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள்.