மேடையே இல்லாத ஊரில் டிராஜெடிக்கு அர்த்தம் தேடியவர்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு தங்கச்சி போன் பண்ணினாள். பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர், இரண்டாம் வருஷம். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். "அண்ணா, நான் ஒப்பிக்கிறேன், சரியான்னு மட்டும் பாரு" என்றாள். டிராஜெடி, காமெடி, கதார்சிஸ், ஹமார்ஷியா, ஸ்பெக்டகிள்னு நாற்பது வார்த்தை. நோட்ல இருக்கிற மாதிரியே அச்சு பிசகாம சொன்னா. எனக்குத் தெரிஞ்சது கோடிங்தான், இருந்தாலும் சும்மா கேட்டேன்: "நீ இதுவரைக்கும் மேடையில ஒரு நாடகமாவது பார்த்திருக்கியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "இல்லண்ணா. எக்ஸாமுக்கு அது தேவையில்லையே?"

சிரிச்சுட்டு வச்சுட்டேன். அப்புறம்தான் இப்னு ருஷ்து ஞாபகம் வந்தார். இன்னைக்கு எபிசோட் அவரைப் பத்தி.

1126-ல் ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்தவர். நீதிபதி, மருத்துவர், தத்துவவாதி. அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு வரிசையாக உரை எழுதினார். நமக்கு நச்சினார்க்கினியர் மாதிரி. லத்தீன் படித்த ஐரோப்பாவில் 'உரையாசிரியர்' என்று மொட்டையாகச் சொன்னாலே அது இவர்தான். அப்படிப்பட்டவர் அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' கைக்கு வந்ததும் இரண்டு வார்த்தைகளில் மாட்டிக்கொண்டார். டிராஜெடி, காமெடி.

ஏன் மாட்டினார்? அவருக்குக் கிரேக்கம் தெரியாது. அவர் காலத்து கோர்டோபாவில் கிரேக்க மாதிரியான மேடை நாடகமும் கிடையாது. கையில் இருந்தது அரபு வடிவம். அந்த அரபுக்கு மூலம், பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தில் அபூ பிஷ்ர் மத்தா என்ற கிறிஸ்தவ அறிஞர் செய்த மொழிபெயர்ப்பு. மத்தாவும் கிரேக்கத்திலிருந்து நேராகச் செய்யவில்லை, சிரியாக் மொழியிலிருந்து செய்தார். டிராஜெடி என்ற இடத்தில் மத்தா போட்ட வார்த்தை 'மதீஹ்', அதாவது புகழ்ந்து பாடுவது. காமெடிக்கு 'ஹிஜா', இகழ்ந்து பாடுவது. அரபுக் கவிதையில் இரண்டும் ரொம்ப பழைய, மரியாதையான வகைகள். அதனால யாருக்கும் உறுத்தல. நம்ம ஆளுங்க பாஷையில சொன்னா, ரன் பண்ணவே முடியாத ஒரு ப்ரோகிராமோட டாக்குமென்டேஷனை மட்டும் வச்சு அது என்ன பண்ணும்னு சொல்லணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். டிராஜெடிக்கு ஆறு உறுப்புகள் என்கிறார் அரிஸ்டாட்டில். அதில் ஒன்று 'ஆப்சிஸ்': மேடையில் கண்ணுக்குத் தெரிவது, காட்சி. தங்கச்சி ஒப்பித்த ஸ்பெக்டகிள் இதுதான். அரபில் இது 'நழர்' ஆனது, அதாவது பார்வை. தப்பே இல்லை, நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் நழர் என்றால் அறிவால் ஆராய்ந்து பார்ப்பதும்தான். தமிழ்லயும் 'பார்வை'க்கு ரெண்டு அர்த்தமும் இருக்கே, 'உங்க பார்வை என்ன?'ன்னு கேட்கிறோம் இல்லையா, அப்படி. மேடை தெரியாத இப்னு ருஷ்து இரண்டாவது அர்த்தத்தை எடுத்தார். ஒரு கொள்கை சரிதான் என்று நிறுவிக் காட்டும் பகுதி என்று விளக்கம் எழுதினார். முகமூடி, உடை, நடிகன் எல்லாம் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு வாதம் வந்து உட்கார்ந்துவிட்டது. உதாரணத்துக்கு அரபுக் கவிதைகளை எடுத்துக்கொண்டு, நல்லவர்களைப் புகழ்ந்து மக்களை நல்வழிக்குத் தூண்டுவதே டிராஜெடியின் வேலை என்ற திசையில் உரை போகிறது.

இதை வச்சு அவரைக் கிண்டல் பண்றவங்க உண்டு. எனக்கு அது நியாயமா படல. இருந்த தகவலை வைத்து முரண் இல்லாமல் ஒரு முழு அமைப்பைக் கட்டியிருக்கிறார். அதுவே பெரிய வேலை.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். 1256-ல் டொலேடோ நகரில் ஹெர்மான் என்ற ஜெர்மானியர் 'கவிதையியலை' லத்தீனில் கொண்டுவர உட்கார்ந்தார். மூலம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று அவரே எழுதிவைத்துவிட்டு, இப்னு ருஷ்துவின் உரையை மொழிபெயர்த்தார். 1278-ல் மோர்பெக்கே ஊர் வில்லியம் கிரேக்கத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். எது ஜெயிச்சிருக்கும்? ஹெர்மானுடையதுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. 1481-ல் வெனிஸில் அச்சுக்கும் வந்தது. வில்லியமுடையதுக்கு மிஞ்சியது இரண்டே பிரதி. சரியான வெர்ஷன் இருந்தும் ஆள் இல்லை. காரணம், அன்றைய ஐரோப்பாவுக்கும் டிராஜெடி என்றால் மேடை நினைவுக்கு வரவில்லை. உயர்ந்தவன் விழுந்த கதை, படிக்கிற கதை, அவ்வளவுதான். புகழ்வதும் இகழ்வதும் அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. கிரேக்க மூலமே 1508-ல்தான் அச்சானது.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1947-ல் இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். இப்னு ருஷ்து அந்த இரண்டு வார்த்தைகளோடு மல்லுக்கட்டுகிறார். ஜன்னலுக்குக் கீழே பையன்கள் விளையாடுகிறார்கள். ஒருத்தன் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர், இன்னொருத்தன் அவரைத் தாங்கும் கோபுரம், மூன்றாமவன் தொழ வந்த கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குத் திரும்புகிறார். இது போர்ஹெஸின் கற்பனைதான்.

இதைப் படிச்சதும்தான் எனக்கு உறைச்சது. தங்கச்சிக்குத் திரும்பப் போன் போட்டேன். "ஏய், தாத்தா ஊர்ல திரௌபதி அம்மன் திருவிழாவுல கர்ண மோட்சம் கூத்து பார்த்தோமே. விடிய விடிய உட்கார்ந்து, கர்ணன் சாகறப்ப அம்மாச்சி மடியில படுத்து அழுதியே?"

"அது கூத்துண்ணா. நீ நாடகம்னுதானே கேட்ட?"

டெஸ்ட்ல நோட்ல இருந்ததைத்தான் எழுதினாளாம். முழு மார்க். ஆனா அன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை போட்டோம், கர்ணனோட ஹமார்ஷியா, அதாவது அவனைக் கவிழ்த்த அந்தப் பிழை, எதுன்னு. கவசத்தைக் கழட்டிக் கொடுத்தது என்கிறேன் நான். அது பிழையே இல்ல, தெரிஞ்சே துரியோதனன் பக்கம் நின்னதுதான் என்கிறாள் அவள். இன்னும் முடியல.