காஞ்சியை நீங்கிய பொற்காமாட்சி

காஞ்சிபுரத்திற்குச் செல்லும் அடியவர் முதலில் நாடுவது காமாட்சியின் சந்நிதியையே. பிள்ளையார்பாளையத்துத் தறியோசையையும் காந்தி சாலையின் பட்டுக் கடைகளையும் கடந்து, இராச வீதிகள் நான்கும் சூழ நடுவே அமைந்த கோயிலுக்குள் நுழைகிறார். காயத்திரி மந்திரத்தின் எழுத்துகளைக் குறிப்பன எனப்படும் இருபத்து நான்கு தூண்களைக் கொண்ட மண்டபத்தில், கரும்பு வில்லும் மலர்க்கணையும் பாசமும் அங்குசமும் தாங்கிப் பதுமாசனத்தில் வீற்றிருக்கும் அன்னையை வணங்குகிறார். எதிரே உள்ள ஸ்ரீசக்கரத்திற்கு நடக்கும் அருச்சனையைக் கண்டு, குங்குமம் பெற்று, மனநிறைவோடு ஊர் திரும்புகிறார்.

ஆனால், இவ்வன்னைக்கு உரிய பொன் திருமேனி ஒன்று இன்று காஞ்சியில் இல்லை. தஞ்சாவூர் மேல இராச வீதியில் தனிக்கோயில் கொண்டிருக்கும் 'பங்காரு காமாட்சி'யே அத்திருமேனி என்பர். பங்காரு என்பது பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தொண்டை நாட்டுத் தெய்வம் சோழ நாட்டிற்குச் சென்றது ஏன், சென்றவள் திரும்பாமல் இருந்ததனால் விளைந்தது என்ன என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், கோயில் வரலாற்றோடு இலக்கிய, இசை வரலாற்றின் பகுதி ஒன்றும் தெளிவாகும்.

முதலில் சென்றது பெயர்

காமாட்சியின் புகழ் காஞ்சியின் எல்லையைக் கடந்தது அந்தப் பொன்னுருவத்தோடு மட்டும் அன்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவள் கோயிலின் பெயர் தமிழகம் எங்கும் பரவியிருந்தது. பதினோராம் நூற்றாண்டிற்குப் பின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி எழுப்பும் வழக்கம் பெருகிற்று. அச்சந்நிதியைச் சோழர் கல்வெட்டுகள் 'திருக்காமக்கோட்டம்' என்றே சுட்டுகின்றன. அம்மனின் பெயர் ஊர்தோறும் வேறாக இருந்தபோதும் சந்நிதிக்கு வழங்கிய பெயர் ஒன்றே. காஞ்சிக் காமக்கோட்டத்தின் சிறப்பே இப்பொதுப் பெயருக்குக் காரணம் என ஆய்வாளர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறாக, காஞ்சி நகரத்துச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி வேண்டுவதில்லை என்பது ஊர் வழக்கு. ஊர் முழுமைக்கும் அம்மன் காமாட்சி ஒருத்தியே என்பது அதன் பொருள். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி கோயிலுக்கும் இடையே குமரகோட்டம் அமைந்திருப்பதால், நகரமே சோமாஸ்கந்த வடிவம் என்று பெரியோர் போற்றுவர். கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் அந்நூலை அரங்கேற்றியதும் அக்குமரகோட்டத்திலேயே என்பது மரபு.

பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றைக் கூற வந்த சேக்கிழார், காஞ்சி நகரின் பெருமையையும் அன்னையின் தவத்தையும் விரிவாகப் பாடியுள்ளார். மாமரத்தின் கீழ் இலிங்கத்தைப் பூசித்தாள். கம்பையாறு பெருகி வந்தபோது அஞ்சி அதைத் தழுவிக்கொண்டாள். பின்னர் இரு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்று அவ்வரலாறு செல்கிறது. வெள்ளம் வந்த காலத்தில் தன் இறைவனை விட்டு விலகாதவள் அவள். பிற்காலத்தில் போர் வெள்ளம் வந்தபோதோ, அவளுடைய பொன்னுருவத்தை அடியவர்கள் தழுவி எடுத்துச் செல்ல நேர்ந்தது.

ஊரை விட்ட தெய்வங்கள்

விசயநகரப் பேரரசு 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் தொண்டை மண்டலத்திற்கு நெடுங்காலம் அமைதி வாய்க்கவில்லை. செஞ்சிக் கோட்டை நாயக்கரிடமிருந்து பிஜப்பூர் சுல்தானிடம் சென்றது. 1677-இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அதை முற்றுகையிட்டது. படைகள் செல்லும் வழியில் இருந்த காஞ்சியின் கோயில்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அந்த அச்சத்திற்குக் கல்வெட்டுச் சான்று வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ளது. 1688 அளவில் வரதரின் திருமேனி காஞ்சியிலிருந்து மறைவாக எடுத்துச் செல்லப்பட்டு, உடையார்பாளையக் காட்டுப் பகுதியில் பாதுகாக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் திருமேனியைத் திருப்பித் தர உடையார்பாளையத்துத் தலைவருக்கு மனம் வரவில்லை. ஆத்தான் ஜீயர் என்னும் வைணவப் பெரியார், கர்நாடக நவாபு சாதத்துல்லா கானின் படைத்தலைவரான லாலா தோடர்மல்லின் துணையை நாடினார். அவர் படையோடு சென்று மீட்டுவர, 1710-இல் வரதர் மீண்டும் காஞ்சியில் எழுந்தருளினார். மொகலாயப் படைக்கு அஞ்சி ஊரை விட்ட பெருமாளை மீட்டுத் தந்தவர் மொகலாய வழிவந்த நவாபின் படைத்தலைவரே என்பது வரலாற்றின் விந்தை. அக்காலப் போர்களை மதப் போர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிட இயலாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பொற்காமாட்சியும் இக்குழப்பக் காலத்திலேயே காஞ்சியை நீங்கினாள். பொன்னின் ஒளி வழிப்போக்கர் கண்ணில் படாதிருக்கப் புனுகு சாத்தி மறைத்து எடுத்துச் சென்றனர் என்பது மரபுச் செய்தி. செஞ்சியில் சில காலம், உடையார்பாளையத்தில் நெடுங்காலம், பின் அணைக்குடி, விஜயபுரம், நாகூர், சிக்கல், மடப்புரம் முதலிய ஊர்கள், முடிவில் திருவாரூர் என்று அப்பயணத்தை அருச்சகர் குடும்ப வரலாறு வரிசைப்படுத்துகிறது. அரசியல் கலக்கம் வந்த இடமெல்லாம் அவர்கள் அன்னையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தனர். தலைமுறைகள் மாறின, நாள் வழிபாடு மாறவில்லை. அடியவர் தெய்வத்தைத் தேடிச் செல்வது யாத்திரை. இங்கே தெய்வமே யாத்திரை சென்றது. கோயில் என்பது சில மனிதர்களின் தோளும் கையுமாகவே இருந்தது.

திருவாரூரும் தஞ்சையும்

அவ்வருச்சகர் குடும்பத்தில் விசுவநாத ஐயரின் மகனாக 1762-இல் திருவாரூரில் பிறந்தவரே சியாமா சாஸ்திரிகள். வேங்கடசுப்பிரமணியன் என்பது அவருக்கு இட்ட பெயர். சங்கீத மும்மூர்த்திகளின் ஏனைய இருவரான தியாகராசரும் முத்துசாமி தீட்சிதரும் அதே ஊரில் பிறந்தோரே.

1780-இல் ஐதர் அலி கர்நாடகத்தின்மீது படையெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஆங்கிலேயர் படை பெருந்தோல்வி கண்டது. அடுத்த ஆண்டு சோழநாடும் ஐதரின் படைகளால் பாழ்பட்டது. அன்னைக்குத் திருவாரூரும் பாதுகாப்பான இடமாக இல்லாது போயிற்று. மராட்டிய மன்னர் துளஜா தஞ்சையில் அவளை வரவேற்றுக் கோயில் அமைத்துத் தந்தார். அருச்சகர் குடும்பத்திற்கும் அங்கே நிலையான வாழ்வு கிடைத்தது.

சியாமா சாஸ்திரிகள் பச்சிமிரியம் ஆதியப்பையரின் நட்பினாலும் நெருங்கிய பழக்கத்தினாலும் இசையறிவை விரிவாக்கிக்கொண்டவர். எனினும் அவருடைய தொழில் பூசையே. மன்னரின் அவைக்காக அன்றி, தாம் நாள்தோறும் நீராட்டி அலங்கரித்த திருமேனியின்முன் நின்று அவர் பாடினார். பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய மூன்று இராகங்களில் அவர் இயற்றிய சுரசதிகள் 'ரத்தினத்திரயம்' எனப்படுகின்றன. பாடல்களிற் பெரும்பாலானவை தெலுங்கில் அமைந்தவை; வடமொழியிலும் தமிழிலும் சில உண்டு. 'சியாம கிருஷ்ண' என்பது அவர் முத்திரை. பொப்பிலி கேசவையா என்னும் இசைவாணர் தஞ்சை வித்துவான்களை அறைகூவியபோது, சாஸ்திரிகள் முதல் நாள் காமாட்சியின்முன் நின்று 'தேவி ப்ரோவ சமயமிதே' என்னும் கிருதியைப் பாடி வேண்டினார் என்றும், மறுநாள் வென்றார் என்றும் இசையுலகம் கூறிவருகிறது. 'காக்க இதுவே தருணம்' என்பது அத்தொடரின் பொருள். தலைமுறை தலைமுறையாக அன்னையைக் காத்து வந்த குடும்பத்தில் தோன்றியவர், இப்போது தம்மைக் காக்குமாறு அவளிடமே முறையிடுகிறார் என்னும்போது அச்சொல்லின் கனம் விளங்கும்.

சாஸ்திரிகள் 1827-இல் மறைந்தார். அவர் மகன் சுப்பராய சாஸ்திரிகளும் சிறந்த வாக்கேயக்காரராய் விளங்கினார்.

இழந்தது எது?

வரதர் திரும்பினார், பொற்காமாட்சி திரும்பவில்லை. காஞ்சியில் அமைதி மீண்டபோது அவள் வேறொரு நாட்டின் தெய்வமாகியிருந்தாள். அவளுக்குக் கோயிலும் விழாவும் அடியவர் கூட்டமும் தஞ்சையில் அமைந்துவிட்டன. இதனைக் காஞ்சியின் இழப்பு என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு நகரம் தன் பொன்னை மட்டும் அன்றி, அதைப் பூசித்த குடும்பத்தையும், அக்குடும்பத்தில் பின்னர் பிறந்த பாட்டையும் சேர்த்தே இழந்தது.

எனினும் காஞ்சி வெறிச்சோடிப் போகவில்லை. மூலத்தானத்து அன்னை அசையாது வீற்றிருந்தாள். இன்றும் மாசிப் பெருவிழாவிலும் நவராத்திரியிலும் மக்கள் வெள்ளம் அவளை நோக்கியே திரள்கிறது. காஞ்சியில் சில காலம் தங்கிய முத்துசாமி தீட்சிதர் அவள்மீதும் கிருதிகள் பாடினார். அசையாத அன்னைக்கும் பாட்டு உண்டு. அலைந்த அன்னைக்கும் பாட்டு உண்டு. முன்னது நிலைபெற்ற கோயிலின் பாட்டு. பின்னது நிலையற்ற காலத்தில் ஒரு குடும்பம் விடாது செய்த தொண்டின் பாட்டு.

கோயில் வரலாறு எழுதுவோர் மன்னர் கட்டிய கோபுரத்தையும் அளித்த நிலத்தையும் கணக்கிடுவர். காடுகளின் வழியே திருமேனியைச் சுமந்து சென்று, அடுத்த நாள் பூசைக்குப் பூவும் நீரும் தேடியவர்களின் பெயர்களிற் பெரும்பாலானவை எக்கல்வெட்டிலும் இடம்பெறவில்லை. அவர்கள் ஒருநாள் சோர்ந்திருந்தால் பங்காரு காமாட்சியும் இல்லை; பைரவிச் சுரசதியும் இல்லை. காஞ்சியில் அன்னையைத் தொழுத அடியவர் தஞ்சைக்கும் சென்று மேல இராச வீதியில் ஒருமுறை நிற்பாராயின், அவருடைய யாத்திரை நிறைவு பெறும். அங்கே அவர் வணங்குவது அன்னையை மட்டும் அன்று. அவளைக் கைவிடாத கைகளையும் ஆகும்.