தாத்தா 'எஸ்'ஸா, 'எஸ்தா'வா?

சலமாங்காவுக்கு முதுகலை படிக்க வந்து ஏழு மாசம் ஆச்சு. நம்ம 'இரு'வுக்கு ஸ்பானிஷ்ல ரெண்டு வினைச்சொல்: செர், எஸ்தார். மாறாததுக்கு செர், மாறுறதுக்கு எஸ்தார்னு முதல் வகுப்பிலேயே சொல்லிட்டாங்க. போரடிக்குதுன்னு சொல்ல நினைச்சு 'சோய் அபுர்ரிதோ'ன்னு, அதாவது 'நான் ஒரு அறுவை'ன்னு வாக்குமூலம் கொடுத்தவன் நான். (யாரும் மறுக்கலை :-))

போன மாசம் குடும்பத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. தாத்தா தவறி அப்ப ரெண்டு வாரம். ஊருக்குப் போக முடியலை. 'மி அபுவேலோ எஸ் முவெர்தோ'ன்னேன். டீச்சர் மெதுவா 'எஸ்தா முவெர்தோ'ன்னு திருத்தினாங்க. சாவை விட மாறாதது என்னங்க இருக்கு? அதுக்குப் போய் எஸ்தாரா? கேட்கக் குரல் வரலை. சாயங்காலம் நூலகத்துக்குப் போனேன்.

லத்தீன்ல 'இரு'வுக்கு எஸ்ஸே. ஐபீரியப் பேச்சுவழக்கில அதோட சில வடிவங்கள் வழக்கொழிய, அந்த இடத்தில 'உட்கார்'னு பொருள்படுற செதேரே வந்து உட்கார்ந்துக்கிச்சு. அதுதான் செயெர் ஆகி, செர் ஆனது. இன்னைக்கும் எஸ், சோன், ஏரா எல்லாம் எஸ்ஸே பிள்ளைங்க. செயா, சியெந்தோ, சிதோ செதேரே பிள்ளைங்க. எஸ்தாரோ 'நில்'லுங்கிற ஸ்தாரேல இருந்து வந்தது.

நம்ம 'இரு'வும் அப்படித்தானே! வீட்டுக்கு வந்தவங்களை "இருங்க"ன்னா உட்காரச் சொல்றோம். உட்கார்ற இடம் இருக்கை. 'நில்'லில இருந்து நிலை. அங்கே எஸ்தாரில இருந்து எஸ்தாதோ, அதுக்கும் நிலைன்னுதான் பொருள். உடனே ரெண்டும் ஒரே தாய் மொழின்னு பின்னூட்டம் போட்டுடாதீங்க சாமி. ரெண்டு இடத்திலயும் மனுஷன் ஒரே மாதிரி யோசிச்சிருக்கான், அவ்வளவுதான்.

என் சிக்கலுக்கு விடை பழைய ஸ்பானிஷ்ல இருந்தது. எல் சித் காவியக் கையெழுத்துப் பிரதியில 1207ன்னு ஒரு தேதி இருக்கு. அந்தக் கால மொழியில ஆள் எங்கே இருக்கார்னு சொல்லவும் செர் வரும். போறது, வர்றது, சாகுறது முடிஞ்சதுன்னு சொல்லவும் செர்தான். 'எஸ் முவெர்தோ'ன்னா 'இறந்துட்டார்'. 1492ல இதே சலமாங்காவில நெப்ரிஹாவோட ஸ்பானிஷ் இலக்கணம் அச்சானப்பவும் இந்த வழக்கு இருந்தது. பிறகு அபேர்ங்கிற வினை அந்த வேலையைப் பிடுங்கிக்கிச்சு. ஆள் இருக்கிற இடமும், நடந்து முடிஞ்சதோட விளைவா நிக்கிற நிலையும் கொஞ்சங்கொஞ்சமா எஸ்தார் பக்கம் போயிடுச்சு. விருந்து எங்கே நடக்குதுன்னு சொல்ல மட்டும் இன்னும் செர்.

ஆக, 'மாறும், மாறாது' எல்லாம் வகுப்பறை ஊன்றுகோல். சாவு ஒரு சம்பவம்; அதுக்கப்புறம் நிக்கிற நிலைக்குத்தான் எஸ்தார். நான் சொன்னது தப்பில்லை, ஐந்நூறு வருஷம் லேட்.

அடுத்த வகுப்பில இதைச் சொன்னதும் டீச்சர் சிரிச்சாங்க. அப்புறம், தாத்தா என்ன பண்ணிட்டிருந்தார்னு கேட்டாங்க.

'ஏரா சாஸ்த்ரே'ன்னேன். தையல்காரரா இருந்தார். இந்தத் தடவை திருத்தலை.